வாதத்தை வரைந்து பார்ப்பது எப்படி: கணினி வாதவியலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சைக்ளோன் காலத்தில் மொரீஷியஸில் பல வீடுகளில் காதில் விழும் பேச்சு இது. காலை ஆறு மணி. “இன்றைக்குத் திங்கட்கிழமை, பஸ் ஓடும், நான் வேலைக்குக் கிளம்புகிறேன்” என்கிறார் அப்பா. “கிளாஸ் 3 போட்டிருக்கிறார்கள், பஸ் ஏது?” என்கிறாள் மகள். ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பாட்டி, “அந்த எச்சரிக்கையை எடுத்து அரை மணி நேரம் ஆயிற்று” என்கிறார். அப்பா செருப்பைத் தேடுகிறார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வரி: சைக்ளோன் நெருங்க நெருங்க இங்கே எச்சரிக்கையை கிளாஸ் 1, 2, 3, 4 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். 3 வந்துவிட்டால் கடை, அலுவலகம், பஸ் எல்லாம் நின்றுவிடும்.

அந்த அரை நிமிடப் பேச்சில் மூன்று வாதங்கள் இருக்கின்றன. அப்பாவின் வாதத்தை மகள் சாய்த்தாள். மகளின் வாதத்தைப் பாட்டி சாய்த்தார். அதனால், யாரும் அப்பாவுக்காக ஒரு வார்த்தை பேசாமலே, அவருடைய வாதம் எழுந்து நின்றுவிட்டது. நாம் யோசிக்காமல் செய்கிற இந்தக் கணக்கை ஒரு இயந்திரத்துக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? செயற்கை நுண்ணறிவில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. நான் அதை வாதவியல் என்று சொல்லிக்கொள்கிறேன். பகலில் எபேனில் மென்பொருள் வேலை, சனிக்கிழமை மாலை ரோஸ் ஹில்லில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் என்று ஓடுகிற ஆள் நான். இந்தத் துறையை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்போய், எந்த வரிசையில் சொன்னால் மண்டையில் ஏறுகிறது என்று கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. அந்த வரிசையில்தான் எழுதுகிறேன். கணினி கடைசிக்குச் சற்று முன்னால்தான் வரும், அவசரப்பட வேண்டாம்.

வரலாறு சுருக்கமாக. பள்ளியில் படித்த தருக்கம் பிடிவாதக்காரத் தருக்கம். ஒன்றை ஒருமுறை நிறுவிவிட்டால் அப்புறம் எத்தனை புதுச் செய்தி வந்தாலும் நிறுவியது நிறுவியதுதான். கணிதத்துக்கு அது சரி, பஸ்ஸுக்குச் சரிவராது. வாதத்துக்கு மருந்துண்டு, பிடிவாதத்துக்கு மருந்தில்லை என்பார்களே, அந்த மருந்தைத் தேடித்தான் ஆராய்ச்சியாளர்கள் கிளம்பினார்கள். ‘மாறாகத் தகவல் வராதவரை இப்படியே வைத்துக்கொள்’ என்கிற வகை விதிகளுக்கு ரேமண்ட் ரைட்டர் 1980-இல் ஓர் இலக்கணம் வகுத்தார். வாதத்தைச் சாய்க்க இரண்டு வழிகள் உண்டு என்பதை அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் பொல்லக் 1987-இல் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அப்புறம் 1995-இல், தாய்லாந்தில் பணியாற்றிவந்த வியட்நாம்காரர் ஃபான் மின் டுங் ஒரு துணிச்சலான வேலை செய்தார். வாதத்துக்குள் என்ன இருக்கிறது என்பதையே மறந்துவிடுங்கள், ஒவ்வொரு வாதத்தையும் ஒரு புள்ளியாக வையுங்கள், எது எதைத் தாக்குகிறதோ அதற்கு ஓர் அம்பு போடுங்கள், அது போதும் என்றார். புள்ளியும் கோடுமாக நம் வாசல் கோலம் போலத்தான் இருக்கும். இன்றுவரை இந்தத் துறை நிற்பது அந்தப் படத்தின் மேல்தான்.

அட்டை எழுதுவது

பழைய நாட்காட்டித் தாள்களின் வெறும் பக்கத்தைச் சிறு அட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஓர் அட்டைக்கு ஒரு வாதம். மேல் வரியில் முடிவு, நடுவில் ‘ஏனென்றால்’, கீழ் வரியில் காரணம்.

“பஸ் ஓடும், ஏனென்றால் இன்று வேலை நாள்.” இது அட்டை.

“பஸ் ஓடாது.” இது அட்டை ஆகாது. வெறும் கருத்து. பழைய தருக்க நூல்களில் முடிவைப் பக்கம் என்றும் காரணத்தை ஏது என்றும் சொல்வார்கள். ஏது இல்லாத பக்கத்தை அந்தக் காலத்திலேயே யாரும் சபையில் ஏற்றதில்லை. ‘ஏனென்றால்’ போட்டுப் படிக்க முடியாததை ஒதுக்கி வையுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்ததால் நான் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. நாம் வாதத்தைக் கேள்வியாகப் போடுகிறவர்கள். “பஸ் ஏது?” என்று மகள் கேட்டது கேள்வியே இல்லை. அவள் விடையை எதிர்பார்க்கவில்லை. அட்டையில் எழுதும்போது “பஸ் ஓடாது, ஏனென்றால் கிளாஸ் 3 இருக்கிறது” என்று அதை நிமிர்த்தி எழுத வேண்டும். கூட்டங்களில் எடுத்த குறிப்பை அட்டையாக்கும்போது கேள்விக்குறியோடு முடிகிற வரிகளைத் தள்ளிவிடாதீர்கள். சூடான வாதங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அம்பு போடுவது

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

பொல்லக் பிரித்த இரண்டு வழிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, முடிவையே எதிர்ப்பது. நீ ஓடும் என்கிறாய், நான் ஓடாது என்கிறேன். இரண்டு முடிவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்பதால் பெரும்பாலும் அம்பு இரண்டு பக்கமும் போகும். மற்றது, முடிவைத் தொடாமல் காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவிலுள்ள கயிற்றை அறுப்பது.

இரண்டாவதற்கு எங்கள் ஊரில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சைக்ளோன் என்றால் காற்றுக்கு முன்னால் வாட்ஸ்ஆப் செய்தி வந்துவிடும். “கிளாஸ் 3 போட்டுவிட்டார்கள், ஏனென்றால் குழுவில் அறிவிப்பின் படம் வந்திருக்கிறது” என்று ஓர் அட்டை வையுங்கள். “அந்தப் படத்தில் இருப்பது போன வருடத் தேதி” என்று ஒருவர் சொல்கிறார். கவனியுங்கள், அவர் கிளாஸ் 3 இல்லை என்று சொல்லவே இல்லை. உண்மையிலேயே போட்டும் இருக்கலாம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது என்பதுதான் அவர் சொன்னது. இங்கே அம்பு ஒரே பக்கம். படத்தை நம்பிய வாதம் திருப்பித் தாக்க எதுவும் இல்லாமல் நிற்கும்.

இந்த இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும்? காரணத்தை அறுத்தவரை முடிவை எதிர்த்தவராக எண்ணிவிடுவோம். “தேதியைப் பார்” என்று சொன்னவரிடம் “அப்படியானால் புயல் வராது என்கிறாயா?” என்று சண்டைக்குப் போவோம். 2024 ஜனவரியில் பெலால் சைக்ளோன் வந்தபோது போர்ட் லூயிஸில் கார்கள் வெள்ளத்தில் மிதந்ததைப் பார்த்த பிறகு இந்த வேறுபாட்டைச் சிறுவர்களுக்குக்கூட விளக்குவது எளிதாகிவிட்டது. ஒரு செய்தியை நம்பாதே என்பது வேறு, ஆபத்தே இல்லை என்பது வேறு.

தமிழ் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. “கிளாஸ் 3 போட்டிருக்கிறார்கள்” என்பதும் “கிளாஸ் 3 போட்டிருக்கிறார்களாம்” என்பதும் ஒரே அட்டை இல்லை. அந்த ‘ஆம்’ வந்தாலே காரணம் கேள்விப்பட்டது என்று பொருள், கயிறு அறுபடக்கூடிய இடம் அதுதான் என்று பேசுகிறவரே காட்டிக்கொடுத்துவிடுகிறார். குறிப்பெடுக்கும்போது ‘ஆம்’-ஐ விட்டுவிடாமல் எழுதுங்கள்.

அம்பு சரியா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: “இந்த அட்டையை ஒப்புக்கொண்டால், அந்த அட்டையை அப்படியே வைத்திருக்க முடியுமா?” முடியும் என்றால் அம்பு கிடையாது. இரண்டு பேர் கோபமாகப் பேசிக்கொண்டார்கள் என்பது அம்பு போடக் காரணம் ஆகாது.

பொத்தான் வைப்பது

இப்போது எது நிற்கும், எது விழும் என்று கணக்குப் போடலாம். மூன்று குறிகள் வேண்டும். ஏற்பு, தள்ளுபடி, தொங்கல். நாங்கள் தையல் டப்பாவிலிருந்து வெள்ளை, கறுப்பு, சாம்பல் பொத்தான்களை எடுத்துக்கொண்டோம்.

எந்த அம்பும் வந்து விழாத அட்டைகளைத் தேடி வெள்ளை வையுங்கள். வெள்ளை அட்டை எவற்றைத் தாக்குகிறதோ அவற்றுக்குக் கறுப்பு. இப்போது, தன்னைத் தாக்குகிறவை எல்லாமே கறுப்பாகிவிட்ட அட்டை ஏதாவது இருந்தால் அதற்கு வெள்ளை. திரும்பத் திரும்ப இதையே செய்யுங்கள். வைக்க இனிப் பொத்தான் இல்லை என்ற நிலை வந்ததும், மிச்சமிருக்கிற அட்டைகளுக்கெல்லாம் சாம்பல்.

பஸ் கதையில் பாட்டிக்கு முதல் வெள்ளை, மகளுக்குக் கறுப்பு, அப்பாவுக்கு வெள்ளை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து “சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது” என்கிறார் என்று வையுங்கள். நான்காவது அட்டை, அப்பாவின் அட்டையை நோக்கி ஒரே அம்பு. அப்பா கறுப்பாகிவிடுவார். ஆனால் மகளின் அட்டை அப்போதும் கறுப்புதான். பஸ் ஓடாது என்று அவள் சொன்னது நடந்துவிட்டது, அவள் சொன்ன காரணம் மட்டும் விழுந்துவிட்டது. இந்த நுட்பத்தைப் பார்த்ததும் என் வகுப்பில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “நான்தான் அப்போதே சொன்னேனே” என்று வீட்டில் யாராவது சொன்னால் இனி என்ன பதில் சொல்வது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இப்படிக் கிடைக்கும் வெள்ளைத் தொகுதியை அடிப்படைத் தொகுதி என்று சொல்லலாம். ஒரு படத்துக்கு ஒன்றுதான் இருக்கும், கணினியால் மிக வேகமாகக் கண்டுபிடிக்க முடியும். எச்சரிக்கையான ஆள் எடுக்கும் முடிவு அது.

சுற்றில் மாட்டிக்கொண்டால்

எச்சரிக்கை அதிகமானால் வேலை நடக்காது. இதற்கு ஒரு குத்துவிளக்குக் கதை.

காவடிக்கு முந்தின நாள். கோயில் அறையில் பெரிய குத்துவிளக்கு இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். இல்லை, மெருகு போட கியூர்பிப்புக்கு அனுப்பியாயிற்று என்கிறார் இன்னொருவர். அதுவும் இல்லை, மாயேபூரில் ஒரு கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள் என்கிறார் மூன்றாமவர். ஒரு விளக்கு இரண்டு ஊரில் இருக்க முடியாது, ஆகவே கியூர்பிப்பும் மாயேபூரும் ஒன்றையொன்று தாக்குகின்றன. இரண்டும் ‘அறையில் இருக்கிறது’ என்பதைத் தாக்குகின்றன. ‘அறையில் இருக்கிறது’ என்பது ‘வேறு விளக்கு இரவல் வாங்க வேண்டும்’ என்பதைத் தாக்குகிறது. (அறையில் இருக்கிறது என்றவர் எட்டிப் பார்க்காமல் வழக்கத்தை வைத்துச் சொன்னார், அதனால் அவர் பக்கத்திலிருந்து மற்ற இருவருக்கும் அம்பு போடவில்லை.)

பொத்தான் வைத்துப் பாருங்கள். அம்பு விழாத அட்டையே இல்லை. எல்லாம் சாம்பல். எச்சரிக்கையான ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், மறுநாள் விளக்கு இருக்காது.

வேறு மாதிரி யோசிக்கலாம். சரி, கியூர்பிப் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது மாயேபூர் விழும், அறை விழும், இரவல் வாங்குவது நிற்கும். மாயேபூர் என்று வைத்துக்கொண்டால்? கியூர்பிப் விழும், அறை விழும், இரவல் வாங்குவது அப்போதும் நிற்கும். எந்தப் பக்கம் போனாலும் விளக்கு இரவல் வாங்கத்தான் வேண்டும். தனக்குள் முரண்படாமல், வருகிற எல்லாத் தாக்குதலுக்கும் பதில் சொல்லக்கூடிய, இனிமேல் பெரிதாக்க முடியாத தொகுதி ஒவ்வொன்றையும் விருப்பத் தொகுதி என்பார்கள். இங்கே இரண்டு உண்டு. இரண்டிலும் இருப்பதை நம்பிச் செயலில் இறங்கலாம். ஏதாவது ஒன்றில் மட்டும் இருந்தால், அப்படியும் வாதாட இடமுண்டு, அவ்வளவுதான்.

இதற்கு விலை உண்டு. ஒன்றையொன்று தாக்கும் இணைகள் மட்டுமே உள்ள படத்தில் 10 இணை இருந்தால் 1,024 விருப்பத் தொகுதிகள். 20 இணை, அதாவது வெறும் 40 அட்டை, 10,48,576 தொகுதிகள். இந்தக் கணக்கை வேகமாகப் போடும் நிரல்களுக்கென்று 2015 முதல் ஒரு போட்டியே நடத்திவருகிறார்கள்.

மூன்று பேர் வட்டமாகத் தாக்கிக்கொண்டால் இன்னும் மோசம். முதல்வன் சொல்வதை நம்பாதே என்கிறான் மூன்றாமவன், இரண்டாமவன் சொல்வதை நம்பாதே என்கிறான் முதல்வன், மூன்றாமவன் சொல்வதை நம்பாதே என்கிறான் இரண்டாமவன். யாரையும் நிறுத்த முடியாது. வெற்றுத் தொகுதிதான் மிஞ்சும்.

இப்போது என் கதை. முதன்முதலாக இதைச் செய்தபோது நான் அட்டையே எழுதவில்லை. ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நடந்த விவாதத்தை, ஏறக்குறைய நாற்பது வாதங்களை, நேராகக் கணினியில் ஏற்றினேன். அடிப்படைத் தொகுதியைக் கேட்டேன். வெறுமை. நிரலில்தான் கோளாறு என்று இரண்டு இரவு விழித்து ஒவ்வொரு வரியாகத் துருவினேன். நிரலில் ஒன்றுமில்லை. கூட்டத்தின் நடுவில் ஒருவர் எழுந்து “இந்தக் கூட்டத்தில் பேசுகிற எதையும் நம்ப முடியாது” என்று சொல்லியிருந்தார். அதையும் ஒரு வாதமாக எழுதி, எல்லா வாதத்தையும் நோக்கி அம்பு போட்டிருந்தேன். அவரும் அந்தக் கூட்டத்தில்தானே பேசினார், ஆகவே அவருடைய வாதத்திலிருந்து அவருடைய வாதத்துக்கே ஓர் அம்பு. தன்னையே தாக்குகிற வாதம் ஒருநாளும் வெள்ளை ஆகாது. வேறு யாரும் அதைக் கறுப்பாக்கவும் முடியவில்லை, ஏனென்றால் கறுப்பாக்க வருகிறவரையும் அது தாக்குகிறது. அது தொங்கும், தன்னோடு நாற்பதையும் சேர்த்துத் தொங்கவிடும்.

தனக்கென்று ஒரு பக்கம் இல்லாமல் பிறரைச் சாய்க்க மட்டுமே பேசுவதை விதண்டாவாதம் என்று நம்மவர்கள் பெயரிட்டு வைத்ததன் அருமை எனக்கு அந்த இரவில்தான் தெரிந்தது. ‘ஏனென்றால்’ சோதனையை முதலிலேயே வைத்திருந்தால் அந்த அட்டை உள்ளேயே வந்திருக்காது.

கணினிக்கு வரலாம்

பத்து அட்டையைக் கையால் முடித்துவிட்டீர்கள் என்றால் இனி நிரல் எழுதுவது அரை மணி நேர வேலை. பைத்தான் போதும். மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு வாதத்துக்கும் அதைத் தாக்குகிறவற்றின் பட்டியலை ஓர் அகராதியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ‘தொங்கல்’ என்று தொடங்குங்கள். ஒரு சுற்றில், தாக்குகிற எல்லாமே தள்ளுபடியாகிவிட்ட வாதத்தை ஏற்பாக மாற்றுங்கள், ஏற்பான ஒன்றால் தாக்கப்படுவதைத் தள்ளுபடியாக மாற்றுங்கள். ஒரு முழுச் சுற்றில் எதுவும் மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பைத்தானின் ‘ஆல்’ என்ற சார்பு வெற்றுப் பட்டியலுக்கு ‘உண்மை’ என்றே விடை தரும். அதனால் அம்பே விழாத வாதத்துக்குத் தனி வரி எழுத வேண்டியதில்லை.

விருப்பத் தொகுதிக்கு, 15 வாதம் வரை எல்லா உட்கணங்களையும் சோதித்துப் பார்த்துவிடலாம், 32,768 தான். அதற்கு மேலே போனால் ஆயத்தமான கருவிகளுக்குப் போய்விடுங்கள். ஜெர்மனியின் பாட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான கிளிங்கோ, அதன் மேல் வாதவியல் விதிகளைக் கட்டிய வியன்னாக்காரர்களின் ஆஸ்பார்டிக்ஸ், இரண்டும் இலவசம். கோப்பில் வாதத்துக்கு ஒரு வரி, அம்புக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரி முடிவிலும் புள்ளி வைக்க மறக்காதீர்கள், நான் பார்த்த பிழைகளில் பாதி அந்தப் புள்ளிதான். ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரைக் கிளிங்கோ மாறி என்று எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். கேட்காவிட்டால் ஒரே ஒரு விடையைத்தான் காட்டும், எல்லாம் வேண்டுமென்றால் கட்டளையோடு 0 சேர்க்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவியிடமே மொத்தத்தையும் கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அட்டை எழுத அது நல்ல உதவியாள். நீளமான பேச்சைக் கொடுத்தால் முடிவையும் காரணத்தையும் பிரித்துத் தரும். அம்பு போடச் சொன்னால்தான் வம்பு. என் அனுபவத்தில், ‘ஆனால்’ என்று வந்த இடத்திலெல்லாம் ஒரு தாக்குதல் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது, “பஸ் ஏது?” மாதிரி வரிகளைக் கேள்வி என்று விட்டுவிடுகிறது. அட்டை அதனுடையதாக இருக்கட்டும், அம்பு உங்களுடையதாக இருக்கட்டும், பொத்தான் நிரலுடையதாக இருக்கட்டும்.

இன்னொன்று. நன்றாகப் பேசுவதும் வாதம் நிற்பதும் ஒன்றல்ல. 2019 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐபிஎம் நிறுவனத்தின் விவாத இயந்திரம் ஹரீஷ் நடராஜன் என்ற விவாத வல்லுநரோடு மேடையேறியது. மழலையர் பள்ளிக்கு அரசு மானியம் தரலாமா என்பது தலைப்பு. அவையில் அதிகம் பேருடைய மனதை மாற்றி வென்றவர் நடராஜன். அங்கே அளந்தது அவையின் மனதை. இந்தக் கட்டுரையில் நாம் அளப்பது வேறு.

தராசு யார் கையில்?

கடைசியாக, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதற்கு எங்கள் நாட்டு ரூபாய் நோட்டையே எடுத்துக்கொண்டோம்.

1998-இல் மத்திய வங்கி புது நோட்டுகள் வெளியிட்டது. அதுவரை நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த மொழி வரிசை ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று மாறியிருந்தது. தமிழர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் பழைய வரிசையோடு மறுபடி அச்சாகி வந்தன. அன்று யார் என்ன பேசினார்கள் என்பதை நாங்கள் எடுக்கவில்லை. இப்படியொரு விஷயத்தில் பேசக்கூடிய வாதங்கள் என்று வகுப்பில் நாங்களே எழுதியவை இவை.

க: இந்தி மேலே இருக்கட்டும், ஏனென்றால் அந்த வழியினர் எண்ணிக்கையில் அதிகம்.

ச: தமிழ் மேலே இருக்கட்டும், ஏனென்றால் முன்னால் வந்தவர்கள் தமிழர்கள். (ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கியது 1834-இல். லபூர்டொனே ஆளுநராக இருந்தபோதே, 1730-களில், பாண்டிச்சேரியிலிருந்து கொத்தரும் தச்சரும் வந்துவிட்டார்கள்.)

த: தமிழ் மேலே இருக்கட்டும், ஏனென்றால் முந்தைய நோட்டுகளில் அதுதான் வரிசை.

க ஒரு பக்கம், ச-வும் த-வும் மறுபக்கம். எதிர்ப்பக்கத்து அட்டைகளுக்கு நடுவில் இரண்டு பக்கமும் அம்பு. பொத்தான் வைத்தால் எல்லாம் சாம்பல். இதைத் தீர்க்க ட்ரெவர் பெஞ்ச்-கேப்பன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2003-இல் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு வாதமும் எந்த மதிப்பைத் தாங்கிப் பேசுகிறது என்று எழுதுங்கள். க-வுக்கு எண்ணிக்கை, ச-வுக்கு மூப்பு, த-வுக்கு வழக்கம். கேட்கிறவர் இந்த மூன்றையும் தனக்கு எது பெரிது என்று வரிசைப்படுத்தட்டும். தாக்கப்படும் வாதத்தின் மதிப்பு தாக்குகிறதன் மதிப்பைவிடப் பெரிது என்றால் அந்த அம்பு முனை மழுங்கியது, அழித்துவிடுங்கள். அப்புறம் பழையபடி பொத்தான்.

மூன்று மதிப்புகளை 6 விதமாக வரிசைப்படுத்தலாம். ஆறையும் போட்டுப் பார்த்தோம். எண்ணிக்கை முதலிடத்தில் இருக்கும் 2 வரிசையில் மட்டும் இந்தி மேலே. மற்ற 4 வரிசையிலும் தமிழ் மேலே. இதில் ஒரு வேடிக்கை: வழக்கம், எண்ணிக்கை, மூப்பு என்ற வரிசையில் மூப்புக்குக் கடைசி இடம், ஆனாலும் ச நிற்கிறது. க-வை த சாய்த்துவிட்டதால் ச தப்பித்துக்கொண்டது. பஸ் கதையில் அப்பாவைப் பாட்டி காப்பாற்றிய அதே கணக்கு.

4-க்கு 2. வகுப்பில் கைதட்டினார்கள். ‘கணினியே சொல்லிவிட்டது’ என்றான் ஒருவன்.

பின்வரிசையில் இருந்த பெண் கை தூக்கினாள். “ஐயா, நம்ம பக்கத்துக்கு ரெண்டு அட்டை எழுதினீங்க. அந்தப் பக்கத்துக்கு ஒண்ணுதானே எழுதினீங்க?”

எழுதியது நான்தான். கவனித்துக்கூட எழுதவில்லை, அதுதான் இன்னும் மோசம். சரி, அந்தப் பக்கத்துக்கு இன்னோர் அட்டை எழுதச் சொன்னேன். அவளே எழுதினாள். ப: புது நோட்டின் வரிசை அப்படியே இருக்கட்டும், ஏனென்றால் திரும்பப் பெற்று மறுபடி அச்சடிப்பது வீண் செலவு. அதன் மதிப்பு சிக்கனம். இப்போது நான்கு மதிப்பு, 24 வரிசை. பிள்ளைகள் பிரித்து எடுத்துக்கொண்டு போட்டார்கள். எந்த மதிப்பு உச்சியில் இருக்கிறதோ அது எதிர்ப்பக்கத்தை முழுக்கச் சாய்த்து, தன் பக்கத்துக் கூட்டாளியையும் தூக்கிவிடுகிறது. விடை 12-க்கு 12.

ஓர் அட்டைதான் கூடியது. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆகவே யாராவது ஒரு முடிவைக் காட்டி ‘கணினி சொன்னது’ என்றால் முதலில் அட்டைகளைக் கேளுங்கள், எந்தப் பக்கத்துக்கு எத்தனை, எழுதியது யார் என்று பாருங்கள். நீங்கள் வரைகிற படத்தில் உங்களுக்குப் பிடிக்காத பக்கத்து அட்டைகளை அந்தப் பக்கத்து ஆள் ஒருவரையே எழுதவிடுங்கள்.

கிளம்பும் நேரத்தில் அதே பெண் ஐந்தாவதாக ஓர் அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். “எந்த வரிசையிலும் ஆங்கிலம் ஏன் மேலே?” என்று எழுதியிருந்தது. கேள்வியை நிமிர்த்தி, ‘ஏனென்றால்’ போட்டு, அடுத்த சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.